உரைகல்லாக நின்ற மருந்து

நுரையீரலில் தோன்றிய புற்று அறுவையால் அகற்றப்பட்ட பின்னும், கதிர்வீச்சாலும் மருந்தாலும் ஒடுக்கப்பட்ட பின்னும் மீண்டும் தலைதூக்குவது உண்டு. அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் ஸ்கேன் படத்துக்கும் புலப்படாத சில உயிரணுக்கள் குருதி வழியே முன்னமே வெளியேறி மூளையிலும் எலும்பிலும் கல்லீரலிலும் தங்கிவிடுகின்றன. மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ அவை பெருகும்போது நோய் திரும்பியது என்கிறோம். திரும்பிய நோய் முன்னிருந்த நோயினும் கடுமையானது. முதல் மருந்துக்கு மடியாமல் தப்பிய உயிரணுக்களின் வழித்தோன்றல்களே இப்போது பெருகியிருப்பதால், அதே மருந்தை மறுபடியும் கொடுப்பதில் பெரும்பாலும் பயன் கிட்டுவதில்லை. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் 18 இலட்சம் பேர் அந்நோயால் மாண்டனர்.

நோய் திரும்பியவருக்கு என்ன கொடுப்பது? 1990களின் இறுதி வரை இவ்வினாவுக்குச் சான்றோடு கூடிய விடை இல்லை. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் முதலிய பிளாட்டினம் மருந்துகள் முதற்சுற்றில் தரப்பட்டன. அவை பயனற்றுப் போனபின் வலிக்கு மருந்து, மூச்சுத்திணறலுக்கு உயிர்வளி, வேண்டிய இடத்தில் கதிர்வீச்சு என்னும் ஆதரவுப் பேணலே எஞ்சியது. மருத்துவர் சிலர் தம் கையிலிருந்த ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். அதனால் நோயாளர் சில மாதம் கூடுதலாக வாழ்ந்தாரா, அன்றி மருந்தின் நஞ்சினால் எஞ்சிய மாதங்களும் கெட்டனவா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவ்வெற்றிடத்தில் முதன்முதல் ஊன்றி நின்ற மருந்து டோசிடாக்செல். கால் நூற்றாண்டு கடந்த பின்னும், மீண்டெழுந்த நுரையீரல் புற்றுநோய்க்கென வரும் புதுமருந்துகளுள் பல இம்மருந்தோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன. பொன்னின் மாற்றறிய உரைகல் வேண்டும். உரைகல்லே பொன்னாக இருக்க வேண்டியதில்லை. டோசிடாக்செலும் அத்தகையது. பெரும்பயன் தரும் மருந்தென்று அதனை எவரும் புகழ்ந்ததில்லை. ஆயினும் அதன்மீது உரைத்துப் பார்த்தே பல மருந்துகளின் உண்மை மதிப்பை உலகம் அறிந்தது.

ஐரோப்பாவில் வளரும் யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் ஒரு சேர்மத்தை அடிப்படையாகக் கொண்டு, பிரான்சு நாட்டு வேதியியலாளர் பியேர் போத்தியேயும் அவர் குழுவினரும் ஆக்கிய மருந்து இது. உயிரணு இரண்டாகப் பிளவுறும்போது அதனுள் நுண்குழல்கள் கட்டப்படுகின்றன. பணி முடிந்ததும் அவை கலைய வேண்டும். டோசிடாக்செல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. பிளவு நடுவழியில் நின்று உயிரணு மடிகிறது. புற்றணுவுக்கு நேரும் இக்கேடு, விரைந்து பிளவுறும் நல்லணுக்களுக்கும் நேரும். தலைமுடி உதிரும், எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் குன்றித் தொற்று எளிதில் பற்றும். விரல் நுனி மரத்துப்போவதும் உடலில் நீர் கோத்துக்கொள்வதும் இம்மருந்தின் வேறு தீங்குகள். இத்துணை இன்னலைத் தாங்கி ஒருவர் பெறும் நன்மை என்ன என்பதை அளந்தே தீர வேண்டியிருந்தது.

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த மருத்துவர் பிரான்சிஸ் ஷெப்பர்டும் உடனாய்வாளரும் அதனை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிளாட்டினம் மருந்து பெற்றும் நோய் வளர்ந்துவந்த 104 பேர் அவ்வாய்வில் சேர்ந்தனர். ஒரு சாராருக்கு டோசிடாக்செல், மறுசாராருக்கு ஆதரவுப் பேணல் மட்டும். தொடக்கத்தில் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் என்று மருந்தளவு குறிக்கப்பட்டிருந்தது. அவ்வளவைப் பெற்றோரில் 11 பேருக்கு வெள்ளணுக் குறைவும் காய்ச்சலும் ஒருங்கே வந்தன. அவர்களுள் மூவர் இறந்தனர். ஆய்வின் நடுவிலேயே அளவு 75 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. குறைத்த பின் அத்தகைய காய்ச்சல் கண்டவர் ஒருவரே. 75 மில்லிகிராம் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள், அதாவது அவர்களுள் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 7.5 மாதம். பேணல் மட்டும் பெற்றோருக்கு அது 4.6 மாதம். மூன்று மாதத்துக்கும் குறைந்த இவ்வேறுபாடு சிறிதென்று தோன்றலாம். ஆனால் எதுவுமே பயன் தராது என்று கருதப்பட்ட இடத்தில் ஒன்று பயன் தரும் என்பதை அது நிறுவியது. இன்றும் புற்றுநோய்ப் பிரிவுகளில் மருந்துச் சீட்டில் எழுதப்படும் 75 என்னும் எண்ணுக்குப் பின்னே அம்மூவரின் இறப்பும் இருக்கிறது. அதனை அறிந்து எழுதுவதே அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன்.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு 373 பேரைக் கொண்டது. டோசிடாக்செலை அது வினோரெல்பின், ஐஃபோஸ்ஃபமைடு என்னும் மருந்துகளோடு ஒப்பிட்டது. 75 மில்லிகிராம் பெற்றோருள் 6.7 விழுக்காட்டினருக்குப் புற்று குறிக்கத்தக்க அளவு சுருங்கிற்று. மற்ற மருந்துகளைப் பெற்றோருள் 0.8 விழுக்காட்டினருக்கே சுருங்கிற்று. நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாகப் புற்றைச் சுருக்கும் ஒரு மருந்து உலகின் அளவுகோல் ஆயிற்று. நோயின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் எண் வேறில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஏன் இரு சாரார் வேண்டும், அவர்களை ஏன் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நுரையீரல் நோயே விடை தந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் காசநோய் மருந்து மிகச் சிறிதளவே. காசநோயாளர் அனைவருக்கும் அது போதாது. எவ்வாறாயினும் சிலருக்கே தரமுடியும் என்ற அந்நிலையை, யாருக்குத் தருவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்பு எண்களுக்கு விட்டுவிடும் வாய்ப்பாக மாற்றினார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். யார் எச்சாரார் என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. நோயாளரைச் சேர்க்கும் மருத்துவருக்கு அடுத்த உறையில் என்ன உள்ளது என்று தெரியாது. ஆகவே நலிந்தவரை ஒரு பக்கமும் வலியவரை மறுபக்கமும் தள்ள அவரால் இயலாது. 1948இல் வெளியான அவ்வாய்வில் ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஹில் தாமே முதல் உலகப்போர்க் காலத்தில் காசநோய்க்கு ஆளாகி மருத்துவராகும் கனவைக் கைவிட்டவர். இரண்டே ஆண்டு கழித்து ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எண்களால் காட்டியவரும் அவரே. நுரையீரல் நோய்கள் பற்றிய நம் அறிவில் அவருக்குக் கடன்படாத பகுதி மிகச் சிறிது.

ஒரே காலத்தில், ஒரே முறையில் பிரிக்கப்பட்ட சாராரையே ஒப்பிட வேண்டும் என்னும் ஹில்லின் விதி எத்துணை இன்றியமையாதது என்பதை டோசிடாக்செலின் எண்களே காட்டுகின்றன. 2000இல் வெளியான ஆய்வில் இம்மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 7.5 மாதம். 2004இல் பெமட்ரெக்செட் என்னும் மருந்தோடு 571 பேரில் ஒப்பிட்டபோது டோசிடாக்செல் சாராருக்கு 7.9 மாதம். 2008இல் 8.0. 2015இல் செதிள்வகை என்னும் பிரிவைச் சாராத புற்றுநோயாளரிடையே 9.4. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 11.3. மருந்து அதுவே, அளவும் பெரும்பாலும் அதுவே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் முறையும் அதுவே. இருந்தும் வாழ்நாள் ஒன்றரை மடங்காகிவிட்டது.

மருந்து மாறவில்லை; அதனைச் சூழ்ந்தவை அனைத்தும் மாறின. ஸ்கேன் கருவிகள் நுட்பமானதால் நோய் மீள்வது முன்னதாகக் கண்டறியப்படுகிறது. கண்டறிந்து ஆய்வில் சேர்த்த நாளிலிருந்தே கணக்குத் தொடங்குவதால் வாழ்நாள் நீண்டதுபோல் தோன்றுகிறது. வெள்ளணுக் குறைவைத் தடுக்கும் மருந்துகள் வந்துவிட்டன. டோசிடாக்செல் பயனற்றுப் போனபின் கொடுக்க வேறு மருந்துகள் உள்ளன. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நோயாளரும் முன்னிலும் உடல்வலு மிக்கவராயினர். இனி ஒருவர் இன்றைய புதுமருந்தின் 10 மாதத்தை எடுத்து, 2000ஆம் ஆண்டின் 7.5 மாதத்தோடு ஒப்பிட்டுப் பெருமுன்னேற்றம் என்று அறிவித்தால் என்னாகும்? இன்று டோசிடாக்செலே அவருடைய மருந்தை விஞ்சி நிற்கக்கூடும். நாளிதழ்களில் வரும் புற்றுநோய்ச் செய்திகளைப் படிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, எதனோடு ஒப்பிட்டனர், அவர்கள் ஒரே காலத்தவரா என்பதே.

அடுத்த பெரும்பாடம் டோசிடாக்செலுக்கு வெளியிலிருந்து வந்தது. உயிரணுவின் மேற்பரப்பில் வளர்ச்சிச் செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் ஈஜிஎஃப்ஆர் என்னும் ஏற்பியைத் தடுக்க ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை உருவாக்கப்பட்டது. மீண்டெழுந்த நோயாளரிடம் நடந்த இரண்டாங்கட்ட ஆய்வுகளில் பத்தில் ஓரிருவருக்குப் புற்று வியக்கத்தக்க விரைவில் சுருங்கியது. அதனை நம்பி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003 மே மாதத்தில், பயனைப் பின்னர் உறுதிப்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு விரைவு இசைவு அளித்தது. பின்னர் 1692 பேரைக் கொண்டு நடந்த மூன்றாங்கட்ட ஆய்வில் மாத்திரை பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 5.6 மாதம், போலி மாத்திரை பெற்றோருக்கு 5.1 மாதம். அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்று கணக்கு சொல்லிற்று. 2005இல் அமெரிக்காவில் இம்மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒரு மருந்தின் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அவ்வாய்வுக்குள்ளேயே ஆசிய நாட்டினரிடையே 9.5 மாதத்துக்கு எதிர் 5.5 மாதம் என்றும், ஒருநாளும் புகைபிடிக்காதவரிடையே 8.9 மாதத்துக்கு எதிர் 6.1 மாதம் என்றும் பெரும் வேறுபாடு தென்பட்டது. காரணம் முந்தைய ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிப்பட்டிருந்தது. மாத்திரையால் புற்று சுருங்கிய 9 பேரின் திசுவை அங்கு ஆராய்ந்த ஒரு குழு, அவர்களுள் 8 பேரின் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் பிறழ்வு இருப்பதைக் கண்டது. பயன் பெறாத 7 பேரில் ஒருவரிடமும் அப்பிறழ்வு இல்லை. அதே வேளையில் அதே நகரின் மற்றொரு குழுவும் இதனையே கண்டது. பிறழ்வுடைய ஏற்பி இடையறாது வளர்ச்சிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்; புற்றணு அச்செய்தியை நம்பியே உயிர்வாழும்; அதனைத் தடுத்தால் மடியும். பிறழ்வில்லாதவருக்கு இம்மாத்திரையால் ஆவது சிறிதே.

ஆகவே 1692 பேர் கொண்ட அந்த ஆய்வு பொய் சொல்லவில்லை. கேட்ட வினாவுக்குச் சரியான விடையே தந்தது. வினாதான் பிழைபட்டிருந்தது. இம்மருந்து நோயாளருக்குப் பயன்படுமா என்று கேட்ட இடத்தில், எந்த நோயாளருக்குப் பயன்படும் என்று கேட்டிருக்க வேண்டும். டோசிடாக்செலின் மீது உரைத்தபோது இவ்வுண்மை இன்னும் தெளிவாயிற்று. மரபணுவைப் பாராமல் 1466 பேரைச் சேர்த்த ஆய்வில் ஜெஃபிட்டினிப் 7.6 மாதமும் டோசிடாக்செல் 8.0 மாதமும் தந்து ஏறத்தாழ ஒத்து நின்றன. இத்தாலியில் பிறழ்வு இல்லாத 222 பேரை மட்டும் தேர்ந்து, அதே இனத்து மாத்திரையான எர்லோட்டினிப்பை டோசிடாக்செலோடு ஒப்பிட்டபோது, மாத்திரைக்கு 5.4 மாதமும் டோசிடாக்செலுக்கு 8.2 மாதமும் கிட்டின. பழைய மருந்தே வென்றது. இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், எல்லாரையும் ஒன்றாகக் கலந்து எடுக்கும் சராசரி எத்தகைய உண்மைகளை மூடிவிடும் என்பது விளங்கும்.

பிறழ்வுடையோருக்கும் நிலையான வெற்றி கிட்டவில்லை. ஓராண்டுக்கு முன்னோ பின்னோ அவர்களுக்கும் நோய் மீண்டது. 2005இல் அதன் காரணமும் தெரிந்தது. அவ்வேற்பியின் 790ஆம் இடத்திலிருந்த திரியோனின் என்னும் அமினோ அமிலம் மெத்தியோனினாக மாறி, மாத்திரை சென்று பொருந்துவதைக் கெடுத்துவிடுகிறது. இம்மாத்திரைகளுக்குப் பின் நோய் மீண்டவரில் பாதிப் பேருக்கு மேல் இதுவே காரணம். இதனை அறிய மீண்டெழுந்த புற்றிலிருந்து புதிதாகத் திசு எடுக்க வேண்டியிருந்தது. மார்பில் ஊசி செலுத்தித் திசு எடுப்பது எளிதான செயலன்று. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும் இடர் அதில் உண்டு. தமக்கு உடனடிப் பயன் உறுதியில்லாதபோதும் அதற்கு இசைந்த நோயாளர்களே அடுத்த மருந்துக்கு வழி திறந்தனர்.

அம்மருந்து ஓசிமெர்ட்டினிப். மாறிய ஏற்பியிலும் பொருந்துமாறு வடிவமைக்கப்பட்ட அது, 419 பேரிடம் பிளாட்டினமும் பெமட்ரெக்செட்டும் சேர்ந்த வேதி மருந்துகளோடு ஒப்பிடப்பட்டது. நோய் வளராமல் நின்ற காலம் ஓசிமெர்ட்டினிப் பெற்றோருக்கு 10.1 மாதம், மற்றோருக்கு 4.4 மாதம். புற்று சுருங்கியோர் 71 விழுக்காடு, மற்ற சாராரில் 31. ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி. ஆனால் மொத்த வாழ்நாளைக் கணக்கிட்டபோது 26.8 மாதத்துக்கு எதிர் 22.5 மாதம், புள்ளியியல் அளவையில் இவ்வேறுபாடு உறுதிப்படவில்லை.

வேதி மருந்து பெற்றோரில் பத்துக்கு ஏழு பேர், நோய் வளர்ந்தபின் ஓசிமெர்ட்டினிப் பக்கம் மாற்றப்பட்டதே இதற்குப் பெருங்காரணம். அவ்வாறு மாற அவர்களுக்கு இசைவு தரப்பட்டிருந்தது, தந்ததுதான் அறம். நல்ல மருந்து ஒன்று இருக்கிறதென்று அறிந்த பின், ஆய்வின் கணக்கு தெளிவாக வரவேண்டும் என்பதற்காக ஒரு மனிதருக்கு அதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இரு சாராரும் ஒரே மருந்தைப் பெற்றுவிட்டால் அவர்களின் வாழ்நாளில் வேறுபாடு காண்பது அரிது. அறமும் அளவையும் முரணும் இவ்விடத்தில் அளவைதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்கின் தெளிவு குறைந்தால், வேறு சான்றுகளைக் கொண்டு நிறைவு செய்ய முடியும். இழந்த மாதங்களை அவ்வாறு நிறைவு செய்ய முடியாது.

மரபணுப் பிறழ்வு எதுவும் கைகொடுக்காதோருக்கு 2015இல் வேறொரு கதவு திறந்தது. நம் உடலின் டி அணுக்கள் புற்றணுவை அழிக்க வல்லவை. ஆனால் அவற்றின் மேலுள்ள பிடி-1 என்னும் புரதத்தைப் பற்றிப் புற்றணு அவற்றைச் செயலற்றுப் போகச் செய்கிறது. அப்பிடியை விலக்கும் நிவோலுமாப் என்னும் எதிர்ப்புரதம் டோசிடாக்செலோடு இரு ஆய்வுகளில் ஒப்பிடப்பட்டது. செதிள்வகைப் புற்று மீண்ட 272 பேரில் நிவோலுமாப் 9.2 மாதமும் டோசிடாக்செல் 6.0 மாதமும் தந்தன. செதிள்வகை அல்லாத 582 பேரில் 12.2 மாதமும் 9.4 மாதமும். முடிவு தெளிவாகத் தெரிந்துவிட்டதால் இரு ஆய்வுகளும் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டன.

இவற்றுள் இரண்டாவது ஆய்வு மிக நுணுகிப் பார்க்கத்தக்கது. நோய் வளராமல் நின்ற இடைநிலைக் காலம் நிவோலுமாப் பெற்றோருக்கு 2.3 மாதம், டோசிடாக்செல் பெற்றோருக்கு 4.2 மாதம். அந்த அளவுகோலை மட்டும் வைத்திருந்தால் புதுமருந்து தோற்றது என்று எழுதி மூடியிருப்பர். தொடக்க மாதங்களில் டோசிடாக்செல் பெற்றோரே கூடுதலாக உயிரோடிருந்தனர். பின்னர் இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிவோலுமாப்பின் கோடு மேலே சென்றது. நோயாளரில் ஒரு பகுதியினருக்கு இம்மருந்து சிறிதும் உதவுவதில்லை. மற்றொரு பகுதியினருக்கோ அது ஆண்டுக்கணக்கில் உதவுகிறது. இடைநிலை என்னும் ஒற்றை எண் இவ்விரு பகுதியினரையும் காட்டாது. ஐந்தாண்டு கழித்து இரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது நிவோலுமாப் சாராரில் 13.4 விழுக்காட்டினரும் டோசிடாக்செல் சாராரில் 2.6 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். நோய் திரும்பிய ஒருவர் ஐந்தாண்டு வாழ்வார் என்று சொல்வதற்கு 2000ஆம் ஆண்டில் எந்த மருத்துவரும் துணிந்திருக்க மாட்டார். பிடி-1 புரதத்தைக் கண்ட ஜப்பானிய அறிஞர் தாசுகு ஹோஞ்ஜோவும், டி அணுக்களைத் தடுக்கும் வேறொரு புரதத்தை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நுரையீரல் புற்றுநோயில் சிற்றணு வகை என்று தனியே ஒன்று உண்டு. அது மீண்டால் மிக விரைவாகக் கொல்லும். பல்லாண்டுகளாக அதற்குப் புதிய மருந்து வாய்க்கவில்லை. டி அணுவையும் புற்றணுவையும் ஒருங்கே பற்றிப் பிணைக்கும் டார்லட்டமாப் என்னும் மருந்து, 509 பேர் கொண்ட ஆய்வில் வழக்கமான வேதி மருந்துகளின் 8.3 மாதத்துக்கு எதிராக 13.6 மாதம் தந்ததாக 2025இல் முடிவு வெளியானது.

இவ்வெண்களைப் படிப்பவர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. மருந்தாய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவோர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் வலுவுடையோர். பகற்பொழுதில் பாதியைப் படுக்கையில் கழிப்போரும், மூளையில் பரவிய புற்றுக்கு மருத்துவம் பெறாதோரும், சிறுநீரகம் நலிந்தோரும் விலக்கப்படுகின்றனர். மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் கூட்டத்தில் இத்தகையோரே நிறைய. ஆய்வில் 12 மாதம் என்று வந்தது அவர்களுக்கும் 12 மாதம் என்று பொருள்படாது. மருத்துவர் இதனை நோயாளருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆய்வில் சேர அழைக்கும்போதும் அவ்வாறே. எந்தச் சாராரில் விழுவீர் என்பதை நானும் அறியேன், நீங்களும் தேர முடியாது. பழைய மருந்தே உங்களுக்குக் கிட்டலாம். எப்போது வேண்டுமாயினும் விலகலாம், விலகினால் உங்கள் மருத்துவம் குறையாது என்பவற்றை நோயாளரின் தாய்மொழியில், அவருக்கு விளங்கும் சொற்களில், உறவினரோடு பேசி முடிவெடுக்க நேரம் தந்து சொல்ல வேண்டும். 1964இல் எழுந்த ஹெல்சிங்கி அறிக்கை முதலாக உலகம் ஏற்றுக்கொண்ட நெறி இது. முதற்கட்ட ஆய்வென்றால் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதன் முதல் நோக்கம் உடல் தாங்கும் அளவைக் காண்பது, நோய் குணமாகும் என்னும் உறுதி அதில் இல்லை.

இந்தியாவில் 2007இல் மருந்தாய்வுப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 முதல் ஆய்வுகளை, முதல் நோயாளர் சேரும் முன்பே அதில் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. எவர் வேண்டுமாயினும் அதனை இணையத்தில் திறந்து, எந்த ஊரில், எந்நோய்க்கு, எதனோடு எதனை ஒப்பிடுகின்றனர் என்று பார்க்கலாம். பதிவின் பயன் அதனோடு முடியவில்லை. என்ன அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், முடிவு சாதகமாக இல்லாதபோது அளவுகோலை மாற்றிக்கொள்ள வழியில்லை; தோற்ற ஆய்வை மறைப்பதும் அரிதாகும். நோய் திரும்பிய ஒருவரின் மகனோ மகளோ, மருத்துவரிடம் செல்லுமுன் இப்பதிவேட்டைப் பார்த்துச் செல்வது நன்று.

உரைகல்லிலும் ஒரு குறை உண்டென்பதை அண்மைக் காலம் காட்டிற்று. கேராஸ் என்னும் புரதம் பல புற்றுகளை இயக்குவது 1980களிலேயே தெரியும். ஆனால் மருந்து சென்று பற்றத்தக்க குழிவு எதுவும் அதன் மேற்பரப்பில் இல்லையென்று முப்பதாண்டுகள் கருதியிருந்தனர். 2013இல் கெவன் ஷோகட் என்பாரின் ஆய்வகம், அப்புரதத்தின் ஒரு பிறழ்வு வடிவத்தில் மறைந்திருந்த குழிவைக் கண்டறிந்தது. அதில் சென்று பொருந்தும் சோட்டோராசிப் என்னும் மாத்திரை, நோய் மீண்ட 124 பேரில் 37 விழுக்காட்டினருக்குப் புற்றைச் சுருக்கிற்று. 2021 மே மாதத்தில் விரைவு இசைவும் பெற்றது. உறுதிப்படுத்தும் ஆய்வில் 345 பேர் சேர்ந்தனர். ஒப்பீட்டு மருந்து டோசிடாக்செல்.

நோய் வளராமல் நின்ற காலம் மாத்திரைக்கு 5.6 மாதம், டோசிடாக்செலுக்கு 4.5 மாதம். மொத்த வாழ்நாளோ 10.6 மாதமும் 11.3 மாதமும், வேறுபாடு இல்லை. இதனினும் கவலை தந்தது வேறொன்று. ஒரு பக்கம் விழுங்கும் மாத்திரை, மறுபக்கம் நரம்பில் ஏற்றும் மருந்து. ஆகவே யார் எதனைப் பெறுகிறார் என்பதை மறைக்க இயலவில்லை. புதுமருந்தை எதிர்பார்த்து வந்த நோயாளர் பலர், தமக்கு டோசிடாக்செல் என்று தெரிந்தவுடன் ஒரு வேளை மருந்துகூடப் பெறாமல் விலகிவிட்டனர். அவர்களைக் குறை சொல்லலாகாது. கொடிய நோயோடு போராடுவோர் தமக்கு நன்மை தேடிச் செல்வது இயல்பு. ஆனால் அதனால் இரு சாராரும் இனி ஒத்தவர் அல்லர் என்றாகிவிட்டது. நோய் எப்போது வளர்ந்தது என்று ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்வதிலும், யார் எம்மருந்து பெறுகிறார் என்று தெரிந்த மருத்துவரின் மனச்சாய்வு புகுந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. 2023 அக்டோபரில் கூடிய, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரைக் குழு, அந்த ஒரு மாத வேறுபாட்டை நம்பத்தக்கதாகக் கொள்ள இயலாது என்று 10க்கு 2 என்னும் கணக்கில் வாக்களித்தது.

டோசிடாக்செலை எளிதில் வெல்லலாம் என்று எண்ணியோர் வேறு சிலரும் ஏமாந்தனர். அட்டெசோலிசுமாப்பும் கபோசான்டினிப்பும் சேர்ந்த கூட்டு 10.7 மாதம் தந்தது, டோசிடாக்செல் 10.5. சாசிடுசுமாப் கோவிடெக்கான் 11.1 மாதம், டோசிடாக்செல் 9.8, அவ்வேறுபாடும் உறுதிப்படவில்லை. நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் முதற்சுற்றிலேயே கொடுக்கப்படுவதால், இரண்டாம் சுற்றுக்கு வரும் புற்று இன்று அவற்றையும் தாங்கித் தப்பிய புற்றாக இருக்கிறது. இருபத்தைந்தாண்டுப் பழைய மருந்து அச்சுற்றில் பெரும்பாலும் விஞ்சப்படாமல் இருப்பதற்கு அதன் வலிமையைவிட நோயின் இம்மாற்றமே காரணம் என்று கருதுகிறேன். சோட்டோராசிப் ஆய்வில் விலகியதுபோல் நோயாளர் இனி விலகாதிருக்க வேண்டுமானால் ஒப்பீட்டுச் சாராருக்கும் ஏற்கத்தக்க மருந்து தரப்பட வேண்டும். நோய் வளர்ந்தபின் புதுமருந்துக்கு மாறும் வழி முதல் நாளிலேயே உறுதி செய்யப்பட வேண்டும்.

சோட்டோராசிப்புக்கு முழு இசைவு தர 2023 திசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மறுத்தது. விரைவு இசைவை மட்டும் நீட்டித்தது. இன்னோர் உறுதிப்படுத்தும் ஆய்வை 2028 பிப்ரவரிக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று மருந்தை ஆக்கிய நிறுவனத்துக்குக் கெடு விதித்திருக்கிறது.